பச்சை நிறத்தில் ஒரு சரி

என் வேலை குறை சொல்வது. வீட்டில் சொன்னால் சண்டை வரும், அலுவலகத்தில் சொன்னால் சம்பளம் வரும். யாராவது ஓர் இணையதளம் செய்து எங்களிடம் அனுப்புவார்கள். நான் அதற்குள் புகுந்து, வருகிறவர்கள் எந்த இடத்தில் எரிச்சல்பட்டு ஓடிப்போவார்கள் என்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து, கேட்காமலே கத்தத் தொடங்கும் வீடியோ, மூட முடியாத விளம்பரம், அழுத்தினால் எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும் பொத்தான். அலுவலகத்தில் எனக்குக் குறைக்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் எங்கள் தலைமை வடிவமைப்பாளர். அவர் செய்த பக்கங்களைத்தான் நான் அதிகம் கிழித்திருக்கிறேன் என்பதால் மன்னித்துவிட்டேன்.

பக்கத்துக்கு வந்துபோகிறவர்களை எங்கள் தொழிலில் பார்வையாளர்கள் என்போம். எத்தனை பார்வையாளர்கள் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று நாள் முழுக்க இதே பேச்சுதான். அந்தச் சொல்லுக்கு வேறோர் அர்த்தம் இருப்பது அந்த வியாழக்கிழமை வரை எனக்கு மறந்தே போயிருந்தது.

அன்று முற்பகல் அலுவலகத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எடுத்ததும், இது சிறைச்சாலையிலிருந்து வரும் அழைப்பு என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. பிறகு என் கொழுந்தன் பேசினான்.

அவன் என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி. சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழை நாளில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், சைக்கிளில் போன ஒருவர் செத்துப்போனார். தீர்ப்பு வந்த அன்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். ஒரு ஆள் செத்திருக்கிறார், இனி அவன் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை. என் மாமியாரும்தான்.

“அண்ணி, அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான். “என்னைப் பாக்க இஷ்டம் இல்லன்னா பரவாயில்ல. ஆனா வாராவாரம் வர்றேன்னு பதிவு பண்ணிட்டு, முந்தின நாள் ரத்து பண்ண வேண்டாம்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வார்டர் எல்லாருக்கும் முன்னாடி பட்டியலை வாசிக்கிறாரு. உங்கம்மா ரத்து பண்ணிட்டாங்கன்னு வாராவாரம் கேக்க முடியல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை பதிவு செய்கிறார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நான் வாயைத் திறப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை அவனை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். ரயிலில் போனாலே ஒரு நாள் ஆகும் தூரம். போகும்முன், பார்க்க வருகிறவர்களின் பெயர்களில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று கேட்பார்களாம்.

“இந்த வாரமும் ரத்துன்னு வந்தா அம்மா பேரை எடுத்துடச் சொல்லிடுவேன் அண்ணி. அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

இணைப்பு அறுந்தது. அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட வழி கிடையாது.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் வரும்போது எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்க வேண்டியதுதானே? உள்ளே கிடக்கிறவனுக்கு வாராவாரம் ஆசை காட்டி ஏமாற்றுவது என்ன விளையாட்டு? மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது, கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

அத்தை சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் சட்டை. என் வீட்டுக்காரருக்கு அந்த அளவு பத்தாது. பக்கத்தில், சனிக்கிழமை தோறும் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி எடுத்துப்போகும் துணிப்பை. அதற்குள் சோப்பும் பனியனும் இருந்தன. தோழி பனியன் போடுவார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன். ஏன் வாராவாரம் ரத்து செய்கிறீர்கள் என்றேன்.

அத்தையின் கை சட்டைக் காலரில் நின்றது. “நானா? நான் ரத்து பண்ணினேனா? அவன்தாம்மா என்னைப் பாக்க மாட்டேங்கிறான்.”

பிறகு உட்கார்ந்து சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேருந்து மாறிப் போகிறார். வாசலில் காவலர் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, உங்கள் பெயர் இல்லையே என்று தலையாட்டுகிறார். பையோடு திரும்பி வருகிறார். ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்கவில்லையா என்றேன். கேட்கவில்லை. காரணம் தெரியும் என்று நினைத்துவிட்டார். தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வராந்தாவில், விலங்கோடு அவனைக் கூட்டிப்போகும்போது, “நீ பண்ணினது தப்புதான்டா” என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கோபத்தில் மகன் தன் பெயரை அடித்துவிட்டான் என்பது அத்தையின் கணக்கு.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவனும் பொய் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு வலைப்பக்கம் மட்டும்தான்.

அத்தை தன் கைபேசியில் காட்டினார். இந்த வாரத்துக்கும் பதிவு செய்திருக்கிறார். சனிக்கிழமை காலை, அவன் பெயர், அவன் கைதி எண், எல்லாம் ஒழுங்காக இருந்தன. மற்ற நேரங்கள் அனைத்தும் நிரம்பிவிட்டன என்று கீழே எழுதியிருந்தது. ஆக, இது கைநழுவினால் வேறு இடம் இல்லை. நாளை ஒரு மெசேஜ் வரும், சிறை அலுவலகம் மூடுவதற்குள் அதில் போய் உறுதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பதிவு தானாகப் போய்விடும் என்றார்.

“அப்போ போன வாரம் உறுதி பண்ணலையா?”

“வாராவாரம் பண்றேனே. கேக்கறதுக்கெல்லாம் சரி சரின்னு அழுத்துவேன். கடைசியில அதுவே போயிடும்.”

எது கேட்கிறது, எதற்குச் சரி என்றேன். அதையெல்லாம் யார் படித்தார்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அன்று மாலை முழுக்க அந்தத் தளத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். திறந்தவுடன் புல்வெளியில் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம் வந்தது. சிறைச்சாலைக்கு இவ்வளவு மகிழ்ச்சியாக யார் போகிறார்கள் என்று தெரியவில்லை. அது நகர்ந்து, கூட்டமாக நின்று கைகுலுக்கும் அதிகாரிகள் வந்தார்கள். படிக்கத் தொடங்கினால் படம் மாறியது. வெள்ளைத் திரையில் சாம்பல் நிற எழுத்து, அதுவும் எறும்பு அளவு. ஒரு கட்டத்தில் பிழை செய்தால் நிரப்பிய அத்தனையும் அழிந்துபோனது. திரும்பிப் போக அம்புக்குறியைத் தொட்டால் ஆளை வெளியே தள்ளியது. அடியில் இருந்த தொலைபேசி எண்ணைக்கூடப் படமாகப் போட்டிருந்தார்கள். தொட்டால் அழைப்பு போகாது, பார்த்துப் பார்த்து நாமே அடிக்க வேண்டும். அடித்தேன். விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும் என்றது ஒரு பெண் குரல். யாரோ கூசாமல் கைகழுவிவிட்டுப் போயிருந்த வேலை அது. பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தம் கொதித்தது.

ஆனால் நான் பார்க்க வேண்டியிருந்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. உறுதி செய்யும் பக்கம் மெசேஜ் வந்தால்தான் திறக்கும்.

வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுத்தேன். என் வீட்டுக்காரர் காலையிலேயே கிளம்பிவிட்டார். அவர் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர், வீடு வீடாகப் போவார், சாயங்காலம்தான் திரும்புவார். நானும் அத்தையும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெசேஜ் வரவில்லை. சாப்பிட்டோம், வரவில்லை. ஒருமுறை டிங் என்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏதோ மெத்தைக் கடைத் தள்ளுபடி.

கைபேசியை என்னிடம் கொடுங்கள், வந்ததும் நான் செய்கிறேன் என்றேன். அத்தை கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் பேச்சு வேண்டாம் என்று சொன்ன மகனின் பெண்டாட்டி நான். இத்தனை நாள் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், திடீரென்று லீவு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

சோதனை செய்யும்போது எங்களுக்கு ஒரு விதி உண்டு. பக்கத்தைப் பயன்படுத்துகிறவரின் கையைப் பிடிக்கக் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஆள் எங்கே விழுகிறார் என்று தெரியும். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விழுந்தால் ஒரு ஷூ வாங்க முடியாமல் போகும், ஒரு டிக்கெட் கிடைக்காமல் போகும். அன்று அத்தை விழுந்தால், அவர் மகன் கிடைக்காமல் போவான்.

வெயில் சாயத் தொடங்கியபோது மெசேஜ் வந்தது. அலுவலகம் மூட அதிக நேரமில்லை.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இணைப்பைத் தொட்டார். பக்கம் பாதி வருவதற்குள் ஒரு பெட்டி எழும்பியது. இந்தத் தளம் உங்கள் தகவல்களைச் சேமிக்கிறது. அடியில் பெரிதாக, பச்சை நிறத்தில் ஒரு சரி. அத்தை அழுத்தினார். அது போய் இன்னொன்று வந்தது. அறிவிப்புகளை அனுப்பலாமா? சரி. இன்னொன்று. எங்கள் புதிய வடிவமைப்பு பற்றிய கருத்துக்கணிப்புக்கு நன்றி. சரி. எழுத்து முழுதாக வருவதற்கு முன்பே அத்தையின் கட்டைவிரல் பச்சையைக் கண்டுபிடித்துவிட்டது. தினமும் தொந்தரவு செய்யும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையாட்டுவதுபோல், சரி, சரி, ஆளை விடு என்று அழுத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

பெட்டிகள் தீர்ந்து பக்கம் வந்தது. அவன் பெயர், எண், சிறையில் எடுத்த சின்னப் புகைப்படம். அத்தையின் விரல் அங்கே மட்டும் நின்றது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இளைச்சுட்டான்,” என்றார்.

படத்துக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். மேலே இருந்தது வருகையை நீக்குக. அதற்கு அடியில் வருகையை உறுதி செய்க. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. எந்த மடையன் இதை இப்படி அடுக்கினான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அத்தையின் விரல் உறுதியை நோக்கி இறங்கியது. அதே நொடியில், தாமதமாக ஓர் அறிவிப்புப் பட்டை பக்கத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. பக்கம் முழுக்க ஒரு விரல் அகலம் கீழே நகர்ந்தது. உறுதி இருந்த இடத்துக்கு நீக்குக வந்துவிட்டது. விரல் அதன் மேல் பட்டது.

ஒரு பெட்டி எழும்பியது. மங்கலாக ஒரு வரி. அடியில் பச்சையில் சரி, சிவப்பில் ரத்து. அத்தையின் கட்டைவிரல் பழக்கப்பட்ட பச்சையை நோக்கிப் போனது.

நான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கைபேசி நழுவி மேசையில் விழுந்தது.

“என்னம்மா பண்ற?” என்று அத்தை கையை இழுத்தார். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அத்தை மேசையில் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்துக் கைபேசி மேல் போட்டார்.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு கருவியை மறந்துவிட்டாராம். அலமாரியைத் திறந்து தேடினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஆபீஸ் போகலையா என்றார். தலைவலி என்றேன். அது பொய்யும் இல்லை, அதற்குள் வந்துவிட்டிருந்தது. தண்ணீர் எடுத்து நின்றுகொண்டே குடித்தார். அந்த மனிதர் அவ்வளவு நிதானமாகத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. சட்டைக்கு அடியில் அந்தப் பெட்டி திறந்து கிடக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் இந்தத் தளம் ஆளை வெளியே தள்ளிவிடும் என்பது நேற்று நான் பட்ட அனுபவம். அத்தை சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். தம்பியின் சட்டை அது. என் வீட்டுக்காரரின் கண் அதன் மேல் போனதை நான் பார்த்தேன்.

கருவி கிடைத்தது. கதவு வரை போனவர் நின்றார்.

“வெயில் கொளுத்துது,” என்றார் கதவைப் பார்த்துக்கொண்டே. “நாளைக்குப் போகும்போது குடை எடுத்துட்டுப் போம்மா.”

படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதைப் பேச நேரம் இல்லை. சட்டையைத் தூக்கினேன். பெட்டி இன்னும் இருந்தது. மூலையில் ஒரு சின்ன எண் குறைந்துகொண்டே வந்தது.

கைபேசியை ஜன்னல் பக்கம் சாய்த்து அந்தச் சாம்பல் நிற வரியைப் படித்தேன். தங்களின் வருகை நீக்கம் செய்யப்படவுள்ளது. அவ்வளவுதான். கேள்விகூட இல்லை. அதற்குச் சரி என்றால் போய்விடும். வாராவாரம் போனது இப்படித்தான்.

“அத்தை, சிவப்பை அழுத்துங்க. ரத்தை அழுத்துங்க.”

அத்தை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரத்துன்னு அழுத்தினா ரத்தாயிடும்.”

“இல்லத்தை. இப்போ ரத்தை அழுத்தினா, ரத்து பண்றதுதான் ரத்தாகும்.”

சொல்லி முடித்ததும் எனக்கே அது ஏமாற்றுக்காரர் பேச்சு மாதிரி இருந்தது. அத்தையின் முகம் மாறிவிட்டது. கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“உன் புருஷன் சொல்லித்தானே லீவு போட்டு உக்காந்திருக்க? நேரா வேண்டாம்னு சொல்ல முடியாம, என் கையாலயே ரத்துன்னு போட வைக்கிறீங்க.”

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பிடுங்கி நானே அழுத்தியிருக்கலாம், என் கைக்கு அந்த வலு உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாக இருந்தது. இப்படி ஒரு பக்கத்தை அடுக்கியவன் அந்த இரண்டு பொத்தான்களையும் ஒழுங்காக இணைத்திருப்பான் என்று எதை வைத்து நம்புவது? எதை அழுத்தினாலும் ஒரே வேலையைச் செய்யும் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். நான் பிடுங்கி அழுத்தி, அது நீக்கிவிட்டால், இந்த வீட்டில் ஆயுசுக்கும் அந்தப் பழி என் தலையில்தான்.

மூலையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

“அத்தை,” என்றேன். “நீங்க வாராவாரம் இந்த இடத்துல எதை அழுத்தினீங்க?”

“சரின்னுதான்.”

“ஒரு தடவையாவது உள்ள விட்டாங்களா?”

அத்தை கைபேசியை மார்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிவப்பின் மேல் வைத்து அழுத்தினார்.

பெட்டி போய்விட்டது. அவன் புகைப்படம் அப்படியே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அத்தை உடனே உறுதியைத் தொடப் போனார். நான் மறுபடி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் இழுக்கவில்லை. பட்டை நகர்ந்து, பக்கம் குதித்து, எல்லாம் அடங்கும்வரை காத்திருந்தோம். இப்போது என்றேன். அழுத்தினார்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வெள்ளையாகியது. பிறகு புல்வெளியில் சிரிக்கும் குடும்பம் வந்தது.

உறுதியானது என்றோ ஆகவில்லை என்றோ ஒரு சொல் கிடையாது. மெசேஜில் இருந்த இணைப்பை மறுபடி தொட்டேன். இந்த இணைப்பு பயன்படுத்தப்பட்டுவிட்டது என்றது. எதற்குப் பயன்படுத்தப்பட்டது என்று சொல்லவில்லை.

“ஆயிடுச்சா?” என்றார் அத்தை.

“தெரியல அத்தை.”

அத்தை சட்டையை எடுத்து மறுபடி மடித்தார். கலைந்திருக்கவே இல்லை, ஆனாலும் பிரித்து மடித்தார். “அப்போ இத்தனை வாரமும் நான் ரத்துன்னு அழுத்தியிருந்தா அவனைப் பாத்திருப்பேனா?” என்று கேட்டார்.

சாயங்காலம் ஆனது. வார்டர் பட்டியல் வாசிக்கும் நேரம். அங்கே என்ன வாசித்தார்கள் என்று அறிய எங்களுக்கு வழியில்லை. என் வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டார். நான் விளக்கை அணைக்கப் போனபோது, வாசல் ஆணியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டவில்லை, அத்தையும் மாட்டவில்லை.

மறுநாள் நானும் கூடவே போனேன். இரண்டு பேருந்து. அத்தை வழி முழுக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். மகனைப் பார்த்தால் என்ன சொல்வது என்று ஒத்திகை போலிருந்தது. வாசலில் காவலர் பட்டியலை எடுத்தார். முதல் தாளில் விரலை ஓட்டினார். அடிவரை வந்தார். இல்லை. அத்தை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். திரும்பிப் போய்ப் பழகியவர், காவலர் தலையாட்டும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். காவலர் தாளைப் புரட்டி, இரண்டாவது தாளில் விரலை ஓட்டினார்.

“இருக்கும்மா,” என்றார். “உள்ள போங்க. துணைக்கு வந்தவங்க பின்னாடி பெஞ்சுல உக்காரலாம்.”

அத்தையின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

அந்தக் கூடத்தில் நீளமாக ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் இந்தப் பக்கம் நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொலைபேசி. பெரும்பாலும் காலி. மற்ற நேரங்கள் அனைத்தும் நிரம்பிவிட்டன என்று அந்த இணையதளம் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. எங்களை அழைத்துவந்த காவலர் பெருமையாகச் சொன்னார், முன்பெல்லாம் சனிக்கிழமை நிற்க இடம் இருக்காதாம், புதுத் தளம் வந்த பிறகு கூட்டமே இல்லையாம், நிம்மதியாக இருக்கிறதாம். நான் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தேன். அந்தச் சரியை இன்னும் எத்தனை அம்மாக்கள் அழுத்தியிருப்பார்களோ.

கண்ணாடிக்கு அப்பால் கதவு திறந்தது. என் கொழுந்தன் வந்தான். உண்மையிலேயே இளைத்துத்தான் போயிருந்தான். கதவருகிலேயே நின்று, தன் அம்மாதானா என்று பார்த்தான். பிறகு வந்து உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். அத்தையும் எடுத்தார். தலைகீழாகப் பிடித்து, அப்புறம் திருப்பிக்கொண்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவன்தான் முதலில் பேசினான். பெஞ்சில் இருந்த எனக்கு அவன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. என்ன கேட்கிறான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கேள்வியைத்தான் இரண்டு முறை கேட்டான். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அத்தை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். பக்கம் குதித்ததை, பட்டை வந்து உட்கார்ந்ததை, சாம்பல் நிற எழுத்தை எல்லாம் நான் அவருக்கு நேற்று விளக்கியிருந்தேன். அதில் எதையும் அவர் சொல்லவில்லை.

“நான் சரின்னுதான்டா அழுத்தினேன்,” என்றார். “வாராவாரம் சரின்னுதான்டா அழுத்தினேன்.”